வீட்டுக்குள் ஒரு பூட்டு

ஒரே ரவுட்டரில் இணைந்த கணினிகளுக்கிடையே கோப்புகளைப் பகிரும்போது இரண்டு முடிவுகள் எடுக்க வேண்டியிருக்கிறது. எந்த ஃபோல்டரைப் பகிர்வது என்பது ஒன்று. அதை யார் திறக்கலாம் என்பது மற்றொன்று. முதலாவது வசதி பற்றியது. இரண்டாவதும் திரையில் ஒரு சின்னக் கட்டத்தை டிக் செய்வதோடு முடிந்துவிடுகிறது என்றாலும், அறவியலின் பழைய கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. ஒருவரையொருவர் நம்பி ஒரே கூரையின் கீழ் வாழ்கிறவர்களுக்கு நடுவில் பூட்டு இருக்கலாமா? தகப்பனின் கணினியில் மகனால் திறக்க முடியாத ஃபோல்டரும், மனைவியின் லேப்டாப்பில் கணவருக்குத் தெரியாத பாஸ்வேர்டும் அவநம்பிக்கையின் அடையாளங்களா, இல்லை நாகரிகத்தின் அடையாளங்களா?

வலையமைப்புத் தொழில்நுட்பம் இந்தக் கேள்வியை நெடுங்காலம் கேட்கவே இல்லை. உள்ளே இருப்பவர் நம்மவர் என்ற எண்ணத்தின் மேல்தான் அது கட்டப்பட்டது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்ற கோப்புப் பகிர்வு முறையில், கோப்பு கேட்டு வரும் கணினி தன் பயனரின் எண்ணைத் தானே சொல்லும். கோப்பை வைத்திருக்கும் கணினி அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். சொன்னவர் உண்மையில் அவர்தானா என்று விசாரிப்பதில்லை. கூடுதல் ஏற்பாடு செய்யாவிட்டால் இன்றும் அப்படித்தான். 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்புக்குள் யாரோ ஒட்டுக்கேட்டுப் பாஸ்வேர்டுகளைத் திருடிய பிறகு, அங்கிருந்த டாட்டு யுலோனென் எஸ்.எஸ்.ஹெச். என்ற முறையை எழுதினார். வலையமைப்பின் உட்புறத்தையும் தெருவைப் போலவே கருதி, போகிற வருகிற எல்லாவற்றையும் குறியாக்கம் செய்யும் முறை அது.

வீட்டுக் கணினிகளுக்கு அந்தப் பாடம் உடனே வந்து சேரவில்லை. 2009இல் விண்டோஸ் 7உடன் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஹோம்குரூப் வசதியில் வீடு முழுவதற்கும் ஒரே பாஸ்வேர்டுதான். கணினியே அதை உருவாக்கி, எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும். அந்தச் சொல்லை அறிந்த கணினி குடும்பத்தில் ஒன்றாகிவிடும். அதிலும் ஒரு நுட்பம் இருந்தது: படங்கள், பாட்டு, வீடியோ, பிரிண்டர் ஆகியவை பகிர்வுக்காக முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருக்கும், ஆவணங்களுக்கு மட்டும் அந்த டிக் இருக்காது. புகைப்படம் குடும்பத்துக்குச் சொந்தம், ஆவணம் தனியாளுக்குச் சொந்தம் என்று யாரோ ஒரு பொறியாளர் தீர்மானித்திருக்கிறார். தத்துவ நூல் எதையும் கேட்காமல் எடுத்த தீர்மானம் என்றாலும் மோசமான தீர்மானம் என்று சொல்ல முடியாது. 2018இல் விண்டோஸ் 10இலிருந்து அந்த வசதியே நீக்கப்பட்டது.

வைஃபையிலும் இதே நிலைமைதான். 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 பாதுகாப்பு முறையின் வீட்டு வடிவத்தில் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதை அறிந்த ஒருவர், இன்னொருவரின் கருவி ரவுட்டருடன் இணையும்போது நடக்கும் தொடக்கப் பரிமாற்றத்தைப் பிடித்துவிட்டால், அந்தக் கருவி அதன்பின் வான்வழியே அனுப்புவதை அவிழ்த்துப் படிக்கலாம். 2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 இந்த ஓட்டையை அடைத்தது. அதற்கு முன்புவரை வைஃபையின் பூட்டு தெருவுக்கு எதிராக மட்டுமே போடப்பட்டிருந்தது.

வீட்டுக்குள்ளும் பூட்டு வேண்டும் என்பதற்கான முதல் வாதம் மனிதர்களைப் பற்றியதே அல்ல. 2017 மே மாதத்தில் வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் உலகெங்கும் பரவியது. விண்டோஸ் கணினிகள் கோப்பு பகிரப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. முறையின் பழைய முதல் பதிப்பில் இருந்த குறையே அதற்கு வழி. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தும், போட்டுக்கொள்ளாத கணினிகள் ஏராளம். அவற்றில் ஒன்று பாதிக்கப்பட்டால், யாரும் எதையும் கிளிக் செய்யாமலே அதே வலையமைப்பில் உள்ள மற்றதும் பாதிக்கப்பட்டது. மகளை நம்புவது வேறு, மகளின் லேப்டாப்பை நம்புவது வேறு என்பது அப்போது பலருக்கு விளங்கியது. மகளின் பெயரில் தகப்பனின் ஃபோல்டரில் எழுத அனுமதி இருந்தால், அந்த லேப்டாப்பில் புகுந்த நிரலும் மகளாகவே நடித்து அங்கே எழுதும்.

தத்துவவாதி அன்னெட் பேயர் 1986இல் எழுதிய 'டிரஸ்ட் அண்ட் ஆன்டிடிரஸ்ட்' என்ற கட்டுரை, ஒன்றைச் சார்ந்திருப்பதையும் ஒருவரை நம்புவதையும் பிரித்துக் காட்டுகிறது. மின்விசிறி நின்றுபோனால் ஏமாற்றம்தான் வரும். துரோகம் செய்துவிட்டது என்று யாரும் குமுறுவதில்லை. நல்லெண்ணத்தை எதிர்பார்க்கும் இடத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது, அங்கேதான் துரோகமும் சாத்தியம். இந்தப் பிரிவினையை ஏற்றால், ஒரு கருவியின் அனுமதியைக் குறைப்பது அதன் உரிமையாளரை அவமதிப்பதாகாது. வாதம் சரியானது. ஆனால் கொஞ்சம் சௌகரியமானதும்கூட: வைரஸின் பெயரைச் சொல்லி மனிதர்களைப் பற்றிய கேள்வியிலிருந்து நழுவிவிட அது வழி தருகிறது. கருவிகள் எல்லாம் பழுதற்றவை என்றே வைத்துக்கொண்டாலும், மனைவியும் கணவரும் பிள்ளைகளும் திறக்கக்கூடாத ஃபோல்டர் ஒன்று இருக்கலாமா என்பது அப்படியே நிற்கிறது.

சட்டம் இதில் தாமதமாகவே வந்தது. 1890இல் ஹார்வர்டு லா ரிவ்யூ இதழில் சாமுவேல் வாரனும் லூயி பிராண்டைஸும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அந்தரங்க உரிமையைப் பத்திரிகைகளின் மூக்கு நுழைப்புக்கு எதிராக நிறுத்தியது. அங்கே வீடு என்பது ஒரே அலகு. வெளியிலிருந்து வருபவனே ஆபத்து. பின்னாளில் கேத்தரின் மெக்கின்னன் போன்ற பெண்ணியச் சட்ட அறிஞர்கள் இதைக் கடுமையாகச் சாடினர். வீட்டைச் சுற்றி மதில் எழுப்பிவிட்டு, மதிலுக்குள் நடக்கும் அத்துமீறலுக்கு அதையே மறைப்பாக்குகிறார்கள் என்பது அவர்கள் வாதம். இந்தியாவில் 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, புட்டசாமி வழக்கில், அந்தரங்கத்தைத் தனிமனிதரின் அடிப்படை உரிமையாக அறிவித்தது. வீட்டுக்குள் அது எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் இன்னும் இழுபறிதான். மனைவியின் செல்போன் அழைப்புப் பதிவுகளை அவரறியாமல் கணவர் எடுத்துக் கொடுத்ததைச் சான்றாக ஏற்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கூறியது. 2025 ஜூலையில் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், கணவன் மனைவி பேச்சை ஒருவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தாலும் மணவிலக்கு வழக்கில் சான்றாகலாம் என்றது. தம்பதியர் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் உறவு ஏற்கெனவே முறிந்திருக்கிறது என்பது அதன் நோக்கு. உறவு முறியாத வீட்டில் என்ன செய்வது என்பதை நீதிமன்றத்திடம் யாரும் கேட்பதில்லை.

சமய மரபுகள் அதைக் கேட்டிருக்கின்றன. குர்ஆனின் 24ஆம் அத்தியாயமான அந்நூர், பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டே நுழைய வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கு முன், நடுப்பகலில் உடை தளர்த்தி ஓய்வெடுக்கும்போது, இரவு இஷா தொழுகைக்குப் பின் என மூன்று வேளைகளில், வீட்டில் புழங்கும் பணியாளரும் பருவமெய்தாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்கிறது. பிள்ளைகள் பருவமெய்திய பின் எல்லா வேளையிலும் கேட்க வேண்டும் என்று அடுத்த வசனம் சேர்க்கிறது. இதில் யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. பெற்ற பிள்ளைதான் வாசலில் நிற்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டு வர வேண்டும். வேளைக்கேற்பவும் வயதுக்கேற்பவும் மாறும் அனுமதி என்ற கருத்து ஏழாம் நூற்றாண்டு நூலில் இவ்வளவு துல்லியமாக இருப்பது, ஃபோல்டர் அனுமதிகளை அமைக்க உட்காரும் எவரையும் யோசிக்க வைக்கும்.

யூத மரபு பார்வையிலிருந்து தொடங்குகிறது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு, பொது முற்றம் உள்ள வீடுகளில் அடுத்தவர் வாசலுக்கு நேராக வாசலும், சன்னலுக்கு நேராகச் சன்னலும் திறக்கக்கூடாது என்கிறது. பார்க்கப்படுவதே ஒரு சேதம் என்ற கருத்தைப் பின்வந்த தால்முத் விவாதிக்கிறது. யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை, பொருள் இருந்த இடத்தில் இருக்கிறது, ஆனாலும் நஷ்டம் நேர்ந்துவிட்டது. கணினிக் கோப்புக்கு இதைவிடப் பொருத்தமான சேத இலக்கணம் கிடைப்பது அரிது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த யூத அறிஞர் ரப்பேனு கெர்ஷோம், பிறர் கடிதத்தை அவர் அனுமதியின்றிப் படிப்பதற்குத் தடை விதித்ததாக அம்மரபு சொல்கிறது. இந்திய மரபில், சமஸ்கிருத நூலான ஹிதோபதேசத்தில் வரும் ஒரு பட்டியல், காத்து மறைக்க வேண்டியவை ஒன்பது என்று எண்ணி, அதில் ஒருவரின் வயதையும் செல்வத்தையும் மருந்தையும் சேர்க்கிறது. வீட்டின் குறையும் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னது வாரன், பிராண்டைஸ் கட்டுரையைப் போல வீட்டை ஒரே அலகாகப் பார்க்கிறது. மற்றவை தனியாளுக்கு உரியவை.

இந்த மரபுகள் கோடிகாட்டி, இன்றைய வீட்டில் பெரிதாகிவிட்ட விஷயம் ஒன்று உண்டு. ஒருவரின் கணினியில் இருக்கும் அந்தரங்கக் கோப்புகளில் கணிசமானவை அவருடைய அந்தரங்கமே அல்ல. ஆசிரியையின் லேப்டாப்பில் மாணவர்களின் மதிப்பெண்ணும் அவர்கள் வீட்டுக் கஷ்டமும் இருக்கின்றன. டாக்டரிடம் நோயாளிகளின் ஸ்கேன், வக்கீலிடம் கட்சிக்காரரின் பத்திரம், ஆடிட்டரிடம் அடுத்த தெருக்காரரின் வருமானம். அலுவலக வேலை வீட்டுக்கு வந்த பிறகு, இவையெல்லாம் குழந்தைகள் கார்ட்டூன் பார்க்கும் அதே வலையமைப்பில் கிடக்கின்றன. உத்தியோகமே இல்லாதவரிடமும், நம்பிச் சொன்ன தோழியின் கடிதம் ஒன்றாவது இருக்கும். "என் கணவரிடம் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை" என்று ஒரு மருத்துவர் சொல்லலாம். அது அவருடைய வாழ்க்கையைப் பற்றிய உண்மை. நோயாளி தன் நோயை அந்த மருத்துவரிடம்தான் சொன்னார், அவர் கணவரிடம் சொல்லவில்லை. 1215இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லேட்டரன் சங்கம் பாவசங்கீர்த்தனத்தின் ரகசியத்தை மீறும் குருவுக்குக் கடும் தண்டனை விதித்தபோது அடிப்படையாக இருந்ததும் இதுவே: கேட்டவர் காவலர் மட்டுமே. தம்பதியரின் அன்பு எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், மூன்றாமவரின் ரகசியத்தைத் திறந்து வைக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. வீட்டுக்குள் பூட்டு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

இன்னும் ஓர் எதிர்ப்பு மிச்சமிருக்கிறது. தன் சொந்தக் கோப்பைப் பூட்டுகிறவர் விஷயத்தில், நெருக்கம் என்றால் எல்லாவற்றையும் திறந்து வைப்பதுதானே என்று கேட்கலாம். ஜெர்மானியச் சமூகவியலாளர் கியோர்க் சிம்மெல், ரகசியத்தைப் பற்றி இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எழுதியபோது இதற்கு நேரான விடை தந்தார். முழுதும் அறிந்தவருக்கு நம்ப வேண்டிய தேவையில்லை. எதுவும் அறியாதவரால் நம்ப முடியாது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் நம்பிக்கைக்கு வேலை. அப்படியானால் கணவரின் எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்க்க முடிகிற மனைவி, கணவரை நம்புவதாகச் சொல்வதில் பொருள் குறைகிறது. அவர் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். மூடிய ஒன்றைக் கடந்து போகிறவர்தான் நம்புகிறார். சிம்மெலின் வாதத்தை எல்லை வரை தள்ளினால் எல்லா மறைப்பும் நியாயமாகிவிடும் ஆபத்து உண்டு. வீட்டை அடமானம் வைத்த பத்திரத்தைப் பூட்டி வைத்துவிட்டு, "என்னை நம்பு" என்று சொல்வதற்கு அது துணைபோகக்கூடாது.

நியாயமான பூட்டையும் நியாயமற்றதையும் பிரிக்க ஓர் அளவுகோல் வேண்டும். அது தொழில்நுட்பத்திலேயே கிடைக்கிறது. விண்டோஸில் ஒரு ஃபோல்டரைப் பகிரும்போது அதன் பகிர்வுப் பெயரின் கடைசியில் டாலர் குறியைச் சேர்த்தால், மற்ற கணினிகளின் பட்டியலில் அது தெரியாது. பெயர் தெரிந்தவர் நேரே தட்டச்சு செய்து போகலாம். அந்தரங்கம் காக்க இது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது: பெயரை அறிந்தவரையும் ஊகித்தவரையும் அந்த மறைப்பு தடுப்பதில்லை. வேறொரு வழியும் உண்டு. ஃபோல்டர் எல்லோர் கண்ணிலும் படும். திறக்கப் போனால் பாஸ்வேர்டு கேட்கும். 1883இல் ராணுவக் குறியாக்கம் பற்றி எழுதிய ஆகஸ்ட் கெர்க்ஹாஃப்ஸ், ஒரு முறையின் விவரம் முழுவதும் எதிரியின் கையில் சிக்கினாலும் பாதகமில்லாதபடி அது இருக்க வேண்டும் என்று விதித்தார். சாவி ஒன்று மட்டுமே ரகசியம். டாலர் குறி இந்த விதியில் தோற்கிறது, பாஸ்வேர்டு தேறுகிறது.

பேயரின் கட்டுரை நம்பிக்கை உறவுக்கு வைக்கும் சோதனையும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. ஒரு நம்பிக்கை எதன் மேல் நிற்கிறது என்பது இரு தரப்புக்கும் தெரியவந்த பிறகும் அது குலையாமல் இருந்தால், அந்த உறவு ஒழுக்கமுடையது. தெரிந்ததும் குலைந்துவிடும் என்றால் அதில் ஏதோ கோளாறு. ஒளித்து வைத்த ஃபோல்டரை மனைவி ஒருநாள் தற்செயலாகக் கண்டுபிடித்தால், உள்ளே என்ன இருந்தாலும் காயம் பட்டுவிடும். "இது என் தோழி சம்பந்தப்பட்டது, இதைத் திறக்க வேண்டாம்" என்று முன்பே சொல்லிப் பூட்டியதில் கண்டுபிடிக்க எதுவுமில்லை. குறியாக்கவியலுக்கும் அறவியலுக்கும் பொதுவாக அதிக உறவில்லை. இந்த ஓரிடத்தில் இரண்டும் ஒரே தீர்ப்பைத் தருகின்றன. ஒளித்தல் பாதுகாப்பிலும் பலவீனம், ஒழுக்கத்திலும் பலவீனம். தமிழ் வீடுகளில் பீரோவின் சாவி அம்மாவின் இடுப்பில் தொங்குவது எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் புண்படுவதில்லை.

இந்த அளவுகோல் எதிர்த்திசையிலும் வேலை செய்கிறது. பாஸ்வேர்டைக் கேட்டு வாங்குவது அன்பின் உரிமையாகச் சில வீடுகளில் நடக்கிறது. மறுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்து கொடுப்பதற்கு அனுமதி என்று பெயர் வைக்க முடியாது. பிள்ளைகள் விஷயம் வேறு: ஏழு வயதுக் குழந்தையின் கணினியைப் பெற்றோர் பார்க்காமலிருந்தால் அது பொறுப்பின்மை, பதினேழு வயதில் சொல்லாமல் பார்ப்பது வேவு. இடைப்பட்ட ஆண்டுகளில் கோடு எங்கே என்பதைக் கணினியால் சொல்ல முடியாது.

இவ்வளவும் பேசிய பிறகும், வீட்டு வலையமைப்பில் ஓர் அரசர் இருக்கிறார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணினியை அமைத்தவர், பெரும்பாலும் வீட்டில் விஷயம் தெரிந்த ஒருவர், நிர்வாகி கணக்கை வைத்திருக்கிறார். ஃபோல்டருக்கு யார் யார் என்று எழுதிய அனுமதிகள் மற்றவர்களைக் கட்டுப்படுத்தும், நிர்வாகியைக் கட்டுப்படுத்தாது. அலமாரியில் வைத்த பொதுச் சேமிப்புப் பெட்டியில் எல்லோருடைய கோப்பும் இருந்தால், எல்லோரும் அந்த ஒருவரின் நல்லெண்ணத்தில்தான் இருக்கிறார்கள். பேயர் சொன்ன நம்பிக்கை இதுதான், பலர் அறியாமலே வைத்திருக்கும் நம்பிக்கை. இதைத் தவிர்க்க விரும்பினால் கோப்பு அதன் உரிமையாளரின் கணினியிலேயே குறியாக்கம் செய்யப்பட்டு, அதன் பின்னரே பெட்டிக்குப் போக வேண்டும். அனுமதி ஒருவரின் நேர்மையைச் சார்ந்தது, குறியாக்கம் சாவியைச் சார்ந்தது. கணினி அறிஞர்கள் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975இல் வகுத்த பாதுகாப்புக் கோட்பாடுகளில் ஒன்று இங்கே உதவும்: முதலில் எல்லாம் மூடியிருக்கட்டும், தேவைப்படுவதை மட்டும் பெயர் சொல்லித் திற. சிங்க்திங் போன்ற பகிர்வு நிரல்கள் இன்னும் ஒரு படி போகின்றன. இரண்டு கணினிகளும் ஒன்றையொன்று சேர்த்துக்கொண்டால்தான் கோப்பு நகரும். ஒரு தரப்பு மட்டும் விரும்பினால் போதாது.

திறந்ததை மறுபடி மூடுவதில் ஒரு வரம்பு உண்டு. அனுமதியைத் திரும்பப் பெறலாம். அதற்குள் எடுத்த நகலைத் திரும்பப் பெற முடியாது. மரணம் இதற்கு மறுதலை. சாவி ஒருவரிடம் மட்டும் இருந்து அவர் போய்விட்டால், காப்பீட்டுப் பத்திரமும் வங்கி விவரமும் குடும்பத்துக்கே எட்டாமல் போகும். குறியாக்கவியலாளர் அடி ஷமீர் 1979இல் வெளியிட்ட கணித முறை ஒன்று ஒரு ரகசியத்தைப் பல துண்டுகளாக்கி, குறிப்பிட்ட எண்ணிக்கையினர் சேர்ந்தால் மட்டுமே அது வெளிப்படும்படி செய்கிறது. மூன்று பிள்ளைகளில் எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்கலாம், தனியாக ஒருவராலும் முடியாது என்று அமைக்கலாம். அவ்வளவு தூரம் போக விரும்பாதவருக்கு, பாஸ்வேர்டை எழுதி வைத்து முத்திரையிட்ட உறை ஒன்று போதும்.

ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, டிவிக்கும் விருந்தினருக்கும் தனி வைஃபை, பழைய எஸ்.எம்.பி. முதல் பதிப்பை அணைத்து வைத்தல், பிறருடைய ரகசியங்களுக்குத் தனியாகக் குறியாக்கம் செய்த ஃபோல்டர், அவசரத்துக்கு எங்கே இருக்கிறதென்று எல்லோரும் அறிந்த ஓர் உறை: இவற்றை ஒரு மதியத்தில் செய்து முடிக்கலாம். எந்த ஃபோல்டர் யாருக்கு, எது ஏன் மூடியிருக்கிறது என்று வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசுவதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். பூட்டைப் போடுவதற்கு முன் அந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும்.